இரண்டாம் முறை வைத்த கைகள்

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்ற பழமொழியைக் கிறிஸ்தவ வாழ்வில் கொஞ்ச தூரம் நடந்த எவரும் தமக்குள் சொல்லிப் பார்த்திருப்பார்கள். பதினோரு மாதம் குடியைத் தொடாமல் இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் தவறிவிடுகிறார். அடுத்த ஞாயிறு ஆலயத்தில் வழக்கமான இடத்தை விட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்கிறார்; மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது காலை ஒதுக்கி வழிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். லெந்து நாட்களில் தொடங்கிய அதிகாலை ஜெபம் ஈஸ்டர் முடிந்த வாரத்திலேயே நின்றுபோகிறது. கோபத்தை வென்றுவிட்டோம் என்று நினைத்தவர் வீட்டில் மறுபடியும் குரலை உயர்த்துகிறார். இப்படிப்பட்ட வேளைகளில் விழுந்ததைவிட, விழுந்ததிலிருந்து நாம் எடுக்கும் முடிவே நம்மை அதிகம் நொறுக்குகிறது. கிருபை என்னில் வேலை செய்திருந்தால் இந்நேரம் நான் மாறியிருப்பேன், மாறவில்லை, ஆகவே கிருபை என்னிடம் வரவே இல்லை என்று மனம் கணக்குப் போடுகிறது. இந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். கடவுள் வேலை செய்தால் அது உடனே முடிந்துவிடும் என்று அது எண்ணிக்கொள்கிறது. வேதம் காட்டும் கடவுள் அப்படி வேலை செய்பவராகத் தெரியவில்லை.

மாற்கு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தில், பெத்சாயிதாவில், பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு அவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திக்கொண்டு போகிறார். கண்களில் உமிழ்ந்து, கைகளை அவர்மேல் வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். இயேசு குணமாக்கிய வேறு எந்த நிகழ்விலும் இப்படி நடுவில் நிறுத்தி விசாரித்ததாக எழுதப்படவில்லை. அந்த மனிதர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆட்கள் தெரிகிறார்கள், ஆனால் மரங்கள் நடமாடுவதுபோல் மங்கலாக. இயேசு மறுபடியும் அவர் கண்கள்மேல் கைகளை வைக்கிறார். அதன் பிறகே எல்லாம் துலங்குகிறது. தொழுநோயாளியை ஒரே தொடுதலில் சுத்தமாக்கியவர் இங்கே இரண்டு முறை கை வைப்பதை வல்லமைக் குறைவு என்று சொல்ல முடியாது. மாற்கு இந்த நிகழ்வை வைத்திருக்கும் இடம்தான் அதற்கு விளக்கம். இதை அடுத்து, பிலிப்புச் செசரியா போகும் வழியில், பேதுரு இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்கிறார். சில வசனங்கள் தாண்டுவதற்குள், சிலுவையைப் பற்றிய பேச்சைத் தாங்க முடியாமல் அவரையே தடுக்கப் பார்த்துக் கடுமையான கண்டிப்பைப் பெறுகிறார். கிறிஸ்து என்பது தெரிகிறது. எப்படிப்பட்ட கிறிஸ்து என்பது தெரியவில்லை. பேதுருவின் கண்களில் மரங்கள் நடமாடிக்கொண்டிருக்கின்றன.

அவர் கதை அங்கே சீராகிவிடவும் இல்லை. பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு மூன்று முறை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பை மூட்டி வைத்து, மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டு, அவரைத் திரும்ப நிறுத்தினார். கதையை அதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் கலாத்தியருக்கு எழுதிய கடிதம் முடிக்க விடவில்லை. பெந்தெகொஸ்தே அனுபவத்துக்கும் பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தியோகியாவில், யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே பேதுரு, மற்றவர்களுக்குப் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். மனிதருக்குப் பயப்படுவது என்ற பழைய பலவீனமே இங்கும் தலைதூக்கியது. ஆதித் திருச்சபை தன் தலைவரைப் பற்றிய இந்தச் செய்தியை மறைக்காமல் வைத்திருக்கிறது. அதுவே ஒரு சாட்சியம்: விழுந்தவர் எழுந்தார், எழுந்தவர் திரும்பவும் தடுமாறினார், ஆனாலும் அவர் அப்போஸ்தலராகவே இருந்தார்.

இதற்கு முதல் ஆட்சேபம் பவுலின் பெயரால் வரும். தமஸ்கு சாலையில் ஒரே நொடியில் மாறிய மனிதரை என்ன சொல்வது? நம் சபைகளில் சொல்லப்படும் சாட்சிகளும் பெரும்பாலும் அந்த அச்சில் வார்க்கப்பட்டவை. ஒரு நாளில் குடியும் புகையும் பறந்துபோனதாகச் சொல்லும் சாட்சிக்கே மைக் கிடைக்கிறது. திடீர் மாற்றம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பவுல் திரும்பிய திசைதான் ஒரு நொடியில் மாறியது. நடக்க வேண்டிய தூரம் மீதி இருந்தது. அவரே அரபு தேசத்துக்குப் போனதையும், எருசலேமுக்குப் போக மூன்று ஆண்டுகள் ஆனதையும் எழுதுகிறார். தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை, தாங்கும் கிருபை கிடைத்தது. சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதியபோதும், தான் இன்னும் இலக்கை எட்டவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றே சொன்னார். 386-இல் மிலானில் ஒரு தோட்டத்தில் மனம் மாறிய அகுஸ்தீனுக்கும் இதே அனுபவம்தான். பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஆயராக இருந்து எழுதிய தன் அறிக்கைநூலின் பத்தாம் பாகத்தில், சாப்பாட்டின் மேலும் புகழ்ச்சியின் மேலும் தனக்கு இன்னும் இருக்கும் இச்சைகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்கிறார்.

இரண்டாம் ஆட்சேபம் இன்னும் வலுவானது. வளர்ச்சி மெதுவாகத்தான் வரும் என்று சொல்வது பாவத்துக்குத் தலையணை வைத்துக் கொடுப்பதாகாதா? குடிக்கிறவரின் மனைவிக்கு, கணவர் மெதுவாக மாறிக்கொண்டிருக்கிறார் என்பது ஆறுதலா, வாயை அடைக்கும் வார்த்தையா? இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளக்கூடாது. பெத்சாயிதா மனிதரையே மறுபடியும் பார்ப்போம். சுற்றி நின்றவர்களின் முன் மரியாதைக்காகவோ, கை வைத்தவர் மனம் கோணாமல் இருக்கவோ, நன்றாகத் தெரிகிறது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மங்கலாகத் தெரிந்ததை மங்கல் என்றே சொன்னார். அந்த உண்மைதான் இரண்டாம் தொடுதலுக்குக் கதவைத் திறந்தது. கிறிஸ்தவ நம்பிக்கை பாவத்தைச் சின்னதாக்கிக் காட்டுவதில்லை. ஒளிக்காமல் சொல்லும் தைரியத்தைத் தருகிறது. சொல்வதோடு நில்லாமல், சகேயுவைப்போல, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுக்கவும் அது கேட்கிறது. காயப்பட்டவர் பாதுகாப்பைத் தேடி விலகிப்போனால், அது விசுவாசக் குறைவு ஆகாது. விழுந்தவருக்குக் காத்திருக்கும் கிருபையின் செலவை இன்னொருவரின் முதுகில் ஏற்ற யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் கடவுள் எதற்கு, பழக்கங்கள் மெல்லத்தான் மாறும் என்பதை மனநல மருத்துவரே சொல்வாரே என்பது மூன்றாம் கேள்வி. சொல்வார், அவர் உதவியை நாடுவது நல்லது, பல வேளைகளில் அவசியமும்கூட. ஆனால் என் சாதனைப் பட்டியலின் மேல் கட்டிய நம்பிக்கை, அது மிகவும் தேவைப்படும் நாளில், அதாவது பட்டியல் கிழிந்த நாளில், சரிந்துவிடும். பொதுமொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில், பவுல் சொல்லும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்ற மூன்றில் நடுவில் உள்ளதற்கு ‘எதிர்நோக்கு’ என்ற சொல் இருக்கிறது. எதிரே நோக்குவது. பின்னால் திரும்பி எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணுவதை விட்டு, எதிரே இருப்பவர்மேல் கண் வைப்பது. மாற்கில் மட்டுமே உள்ள ஒரு உவமையும் இதையே சொல்கிறது. விதைத்தவன் தூங்கி எழுகிறான். பயிர் எப்படி வளர்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. முதலில் முளை, பிறகு கதிர், கதிரில் நிறைந்த மணி. விதைப்பதும் அறுப்பதும் அவன் வேலை. நடுவில் உள்ள நீண்ட நாட்கள் அவன் கையில் இல்லை என்பதால் அவை வீண் நாட்கள் ஆகிவிடுவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அறுப்பு வருவதற்கு முன்னமே வாழ்நாள் முடிந்துவிட்டால்? நம் கையில் இருக்கும் தமிழ் வேதாகமத்தின் வரலாறே அப்படித் தொடங்கியதுதான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, இடையில் சிறையும் அனுபவித்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1719-இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். வேலையை இன்னொருவர் முடிக்கலாம், ஒருவருடைய குணத்தை யார் முடித்துவைப்பார் என்று கேட்கலாம். தொடங்கியவரே முடிப்பார் என்பதுதான் உயிர்த்தெழுதலை நம்புவோரின் பதில். இதை என்னால் நிரூபித்துக் காட்ட முடியாது. மரணத்தில் முடிந்ததாகத் தோன்றிய ஒரு வாழ்வைக் கடவுள் அங்கே முடியவிடவில்லை என்ற சாட்சியத்தின் மேல் நின்றே சொல்கிறேன்.

பாதிப் பார்வையோடு நின்ற அந்தச் சில நொடிகளில் பெத்சாயிதா மனிதர் எங்கே இருந்தார் என்று யோசித்துப் பாருங்கள். ஊர் பின்னால் போய்விட்டது; தெளிவு இன்னும் வரவில்லை. ஆனால் தன்னைக் கைபிடித்துக் கூட்டிவந்தவரின் எட்டும் தூரத்தில்தான் நின்றார். கடைசி பெஞ்சில் குனிந்திருப்பவரும் அதே தூரத்தில்தான் இருக்கிறார். ஏதாவது தெரிகிறதா என்று கேட்டால், தெரிகிற அளவை மட்டும் அவர் உண்மையாகச் சொன்னால் போதும். கைகள் இன்னும் விலகவில்லை.