ஆறு மணி அலாரம்

அம்மா போன பிறகும் மாலை ஆறு மணிக்கு என் கைபேசி அடித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வருஷமாக அது அவளுடைய மாத்திரைக்கான அலாரம். மாத்திரை, அரை டம்ளர் வெந்நீர், பிறகு அரைமணி நேரம் கால் பிடித்துவிடுவது. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று, அலாரம் அடித்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்பில் தண்ணீர் வைத்த பிறகுதான் உறைத்தது. அழுகை வந்தது, போயிற்று. அந்த அரைமணி நேரம் மட்டும் தினமும் வந்து எதிரே நின்றது.

அந்த நாட்களில்தான் செரினிட்டி ஓ.எஸ். என்ற இயங்குதளத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதைத் தொடங்கிய ஆண்ட்ரியாஸ் கிளிங் சுவீடன் நாட்டு நிரலாளர். நோக்கியாவிலும் ஆப்பிளிலும் பிரவுசர் வேலை பார்த்தவர். போதைப் பழக்கத்துக்கு மூன்று மாதச் சிகிச்சை எடுத்துக்கொண்டு 2018-ல் வெளியே வந்தார். பழக்கம் போய்விட்டது, அது தின்றுகொண்டிருந்த நேரம் அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் அவர் சின்னச் சின்னதாக நிரல் எழுத ஆரம்பித்தார். எழுதியவை ஒன்றோடொன்று சேர்ந்து, அந்த வருஷம் அக்டோபரில் ஓர் இயங்குதளமாக உருவெடுத்தன. மீள்பவர்கள் தங்கள் கூட்டங்களில் சொல்லும் ஒரு பிரார்த்தனை உண்டு, மன அமைதியை, ‘செரினிட்டி’யை, வேண்டுவது. அது நினைவிலிருந்து நழுவிவிடக் கூடாதென்று அந்தப் பெயரையே இயங்குதளத்துக்கு வைத்தார்.

தொண்ணூறுகளின் கம்ப்யூட்டர் திரைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் முகம் உடனே பிடிபடும்: சாம்பல் நிறச் சட்டங்கள், கனத்த பொத்தான்கள், சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர். உள்ளே மையக்கருவாக இருப்பது யூனிக்ஸ் பாணியிலான ஒரு கெர்னல். கெர்னல், சி லைப்ரரி, ஜன்னல்கள், எழுத்துருக்கள், பிரவுசர் எல்லாவற்றையும் சி++ மொழியில் தாங்களே எழுத வேண்டும், வெளியிலிருந்து ஆயத்த நிரலை எடுத்து ஒட்டக் கூடாது என்பது கிளிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் வைத்துக்கொண்ட விதி. உலகத்தில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை மறுபடி எதற்கு எழுதுவது என்று கேட்கலாம். அலுவலகத்தில் நானே கேட்டிருப்பேன். ஆனால் அந்த விதியால் ஒரு நன்மை உண்டு. பொத்தானை அழுத்தும் இடத்திலிருந்து வட்டில் எழுதும் இடம்வரை, பிழை எங்கே இருந்தாலும் அது நம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. போய்த் திருத்தலாம். வேறு யாரோ திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இறக்கி நிறுவிக்கொள்ள ஆயத்தமாக ஒரு கோப்பும் தருவதில்லை. வேண்டுமென்றால் மூல நிரலை எடுத்து நாமே கட்ட வேண்டும். முதலில் அதற்கென்று ஒரு கம்பைலரைக் கட்ட வேண்டும், அதை வைத்துத்தான் மற்றதை. என் பழைய லேப்டாப்பில் மூன்று மாலைகள் போயின. மூன்றாம் நாள் அந்தச் சாம்பல் திரை எழுந்து வந்தபோது எட்டரை மணி. ஆறு மணி எப்போது கடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா போன பிறகு அது முதல் தடவை.

2021-ல் கிளிங் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, ஆர்வலர்கள் தந்த நன்கொடையை நம்பி முழுநேரமும் இதிலேயே இருந்தார். இதற்காக எழுதிய பிரவுசர் லேடிபேர்ட் என்று தனியாக வளர்ந்தது. 2024 ஜூனில் அவர் செரினிட்டியை விட்டு விலகி அதனுடனேயே போனார். போன இடத்தில் அந்தப் பழைய விதியையும் தளர்த்தினார். எல்லோரும் பயன்படுத்த வேண்டிய ஒரு பிரவுசருக்கு அதுதான் சரி. தன்னைக் காப்பாற்றியது என்பதற்காகவே ஒன்றைக் கடைசிவரை சுமக்க வேண்டும் என்று யாரையும் கேட்க முடியாது. அவர் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மற்றவர்கள் தங்கியதுதான் என்னைத் தொட்டது. தொடங்கியவர் இல்லை, சம்பளம் இல்லை, விண்டோஸை வெல்லும் கனவும் இல்லை. ஆனாலும் நிரல் வந்துகொண்டே இருக்கிறது.

நான் அனுப்பியது இதுவரை ஒரே ஒரு திருத்தம். உதவிப் பக்கமொன்றில் ஒரு வார்த்தை. அதைப் படித்துப் பார்த்த முகம் தெரியாத ஒருவர், திருத்தம் சரி, கூடவே எழுதிய குறிப்பின் வடிவம்தான் சரியில்லை என்றார். எந்தப் பகுதியைச் சேர்ந்ததென்று முதலில், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு என்ன செய்தோம் என்பது. ஒற்றை வார்த்தைக்கு இவ்வளவா என்று ஒரு கணம் தோன்றியது. அம்மாவும் இப்படித்தான். வெந்நீர் நாக்கில் சுடக் கூடாது, ஆறியும் இருக்கக் கூடாது. டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். அந்த மாத்திரை அவளைக் குணமாக்கப் போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் தண்ணீரை மறுபடி சுடவைத்துக் கொண்டுவருவேன்.

குறிப்பை மாற்றி எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

அலாரத்தை இன்னும் அழிக்கவில்லை. அது அடித்ததும் புதிதாக வந்திருப்பதை இறக்கிக் கட்ட விடுகிறேன். வரிகள் திரையில் ஏறிக்கொண்டிருக்கும்போது வெந்நீர் வைத்துக்கொள்கிறேன், எனக்கு, அரை டம்ளர்.