உள்ளே இருக்கும் கம்பி

கான்கிரீட் கட்டடத்துக்குப் பளிங்கு போர்த்தினால் அது பொய்யா? வேதாந்த வகுப்பு ஒன்றையும் தவறவிடாத என் நண்பர், பொய்தான் என்கிறார். உறை உறையாக உரித்துக்கொண்டே போனால் மிஞ்சுவதுதான் மெய் என்பது அவர் கட்சி. கம்பியைக் கான்கிரீட் நன்றாக மூடவேண்டுமே என்று, ‘இடைவெளிக்குக் கவர் பிளாக் வைத்தாயா?’ எனச் சைட்டில் கத்தியே தொண்டை கெட்டவன் நான். உரிப்பது என்றாலே எனக்குப் பயம்.

எங்கள் வழக்கு பாரிஸின் ஷான்ஸ் எலிசே நாடக அரங்கைப் பற்றியது. 1913-இல் திறந்தது. கட்டியவர் ஓகுஸ்த் பெரே. அதே நகரத்தில் 1887-இல் ஒபேரா கோமிக் அரங்கு எரிந்து பலர் மாண்டிருந்தார்கள். எளிதில் தீப்பற்றாத கான்கிரீட்டுக்கு அரங்கு கட்டுவோரிடம் மவுசு கூடியதில் வியப்பில்லை. தூணும் விட்டமும் ஒரே உடம்பாக வார்த்த சட்டகம் என்பதால் பால்கனிகளுக்கு அடியில் தூண்காடு வேண்டியிருக்கவில்லை. ஆனால் முகப்பில் அதெல்லாம் தெரியாது. வெள்ளைப் பளிங்கு, அதில் சிற்பி பூர்தெலின் புடைப்புச் சிற்பங்கள். பட்டுடுத்திக்கொண்டு நாடகம் பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டடமும் பட்டுடுத்திக்கொண்டது. இதில் யாரை யார் ஏமாற்றினார்கள்? தூணை மறைப்பது தவறு, பொய்த்தூண் வைப்பதோ குற்றம் என்று பிரித்துச் சொன்னவரும் இந்தப் பெரேதான். அந்த வித்தியாசம் என் நண்பருக்குப் பிடிபடவில்லை.

அவர் கையில் இருக்கும் துருப்பு, ல ரன்சி என்ற ஊரில் பெரே 1923-இல் முடித்த மாதா கோயில். முதல் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக, குறைந்த செலவில் எழுந்தது. பளிங்கு இல்லை, பூச்சு இல்லை. உள்ளும் புறமும் வெறும் கான்கிரீட். அரங்கின் விதானத்தை வரைந்த மொரிஸ் தெனிதான் இங்கே வண்ணக் கண்ணாடிகளுக்கும் ஓவியம் தந்தார். “கூத்துக்கு வேஷம், கடவுளுக்கு நிஜம். பாருங்கள்!” என்கிறார் நண்பர்.

பார்த்தேன். அங்கேயும் கம்பி தெரியவில்லையே! அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும். இழுவிசையைத் தாங்குவது கம்பி. கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. இரண்டும் வேறு, ஆனால் பிரித்தால் இரண்டாலும் பயனில்லை. உடம்பை உயிருக்குத் துணையாக வந்த கருவி என்று சொல்லும் சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் எனக்கு நெருக்கமாகப்படுகிறது.

அந்தக் காலத்தில் கம்பிக்கு மேல் எவ்வளவு கனம் விடவேண்டும் என்ற அனுபவம் போதாது. ல ரன்சியில் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடித்தது. துரு பருத்துக் கான்கிரீட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தது. நண்பர் கேட்ட நிஜம் அப்போதுதான் வெளியே வந்தது. பழுது பார்க்க வந்தவர்களுக்கு அதைத் திரும்ப மூடுவதுதான் வேலை.