பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்

2021 டிசம்பர் 17 இரவு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் செய்யும் தொழிலாளர்கள் அவர்கள். பூந்தமல்லி அருகே அவர்களது விடுதியில் சாப்பிட்ட உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியது. அது பொய், யாரும் இறக்கவில்லை.

பொய்யை நம்பிச் சாலையை மறித்தது அறமாகுமா?

வண்டிகளில் சிக்கித் தவித்தவர்கள் எந்தப் பாவமும் அறியாதவர்கள். அவர்களில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கு விரைந்துகொண்டிருந்திருக்கலாம். போராட்டம் நியாயமானது என்பதாலேயே இந்தத் துன்பம் இல்லையென்று ஆகிவிடாது.

ஆனால் அந்தப் பெண்கள் முதலில் போனது சாலைக்கு அல்ல. பக்கத்தில் படுத்திருந்தவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று விடுதியில்தான் கேட்டார்கள். உருப்படியான பதில் இல்லை. இறந்ததாகச் சொல்லப்பட்ட பெண்களோடு மாவட்ட ஆட்சியரே பிறகு வீடியோ அழைப்பில் பேசிக் காட்டினார். இதை முதல் நாளே செய்ய ஒரு போன் போதும். உண்மையைக் கையில் வைத்திருந்தவர்கள் வாய் திறக்காதபோது, வதந்தியை நம்பியவர்கள்மேல் பழிபோடுவது அநியாயம்.

ஏன் வாய் திறக்கவில்லை? பெண்ணை வேலைக்கு அனுப்பும் வீடு முதலில் கேட்பது பாதுகாப்பைத்தான். அந்தக் கேள்வியை வைத்தே மகளிர் விடுதிகள் நடக்கின்றன: கேட் பூட்டும் நேரம், கையெழுத்து நோட்டு, வெளியே போகக் காரணம். அப்பாவும் அண்ணனும் பார்த்த காவல் வேலை வார்டன் கைக்கு மாறுகிறது. பெண்ணிடம் கணக்குக் கேட்க எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அவளுக்குப் பதில் சொல்லும் கடமை மட்டும் யாருக்கும் இல்லை. ஆணாதிக்கம் இங்கே அன்பின் பெயரில், அக்கறையின் பெயரில் நடப்பதால் அதை எதிர்ப்பது இன்னும் கடினம்.

2015இல் மூணாறு தேயிலைத் தோட்டத் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்டு சாலையில் அமர்ந்தபோது, தொழிற்சங்க ஆண் தலைவர்களைக் கிட்டே சேர்க்கவில்லை. தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்னவர்கள் தங்களிடம் பேசவில்லை என்ற கோபம் அங்கும் இருந்தது.

பூந்தமல்லி விடுதிச் சமையலறையில் எலிகளும் மோசமான வடிகாலும் இருந்ததை அதிகாரிகள் கண்டு அதை மூடினார்கள். தொழிலாளர்கள் தங்கிய சில விடுதிகள் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. மறியலுக்குப் பின் மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12இல்தான் மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. சாலையில் உட்காராமல் இவ்வளவும் நடந்திருக்குமா? நடந்திருக்காது. மறியல் சரிதான்.

கட்டிடம் மட்டும் போதாது. பூந்தமல்லியிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் மகளிர் விடுதி நடத்துபவர்கள் இன்றே ஒன்று செய்யலாம். ஒருத்தி ஆஸ்பத்திரிக்குப் போனால், எந்த ஆஸ்பத்திரி, எப்படி இருக்கிறாள் என்பதை அன்றைக்கே அவள் அறைத்தோழிகளிடம் சொல்லுங்கள்.