அட்லின் தொகுதி: தொலைவு ஒரு நியாயமாகுமா?

வாக்குச் சமத்துவம் என்பது ஆளுக்கொரு வாக்குச் சீட்டு கொடுப்பதோடு நிறைவடைந்துவிடுவதில்லை. ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஒருவர் எத்தனை பேரோடு பங்கிட்டுக்கொள்கிறார் என்பதையும் அது பொறுத்திருக்கிறது. பத்தாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் உள்ள தொகுதியில் வாழ்பவரின் வாக்கு, ஐம்பதாயிரம் பேருக்கு ஓர் உறுப்பினர் உள்ள தொகுதியில் வாழ்பவரின் வாக்கைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ளது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 1986ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வடமேற்குக் கோடியிலிருந்த அட்லின் தொகுதியில் 5,511 பேரும், வான்கூவர் பெருநகரை ஒட்டிய சர்ரே-நியூட்டன் தொகுதியில் 68,347 பேரும் வாழ்ந்தனர். இரண்டும் சட்டமன்றத்துக்குத் தலா ஓர் உறுப்பினரையே அனுப்பின. பன்னிரண்டு மடங்குக்கும் கூடுதலான இந்த வேறுபாட்டை அநீதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாமா, அல்லது இதற்கு ஏதேனும் அறம் சார்ந்த நியாயம் உண்டா என்ற கேள்விக்கு அட்லினின் அரசியல் வரலாறு எளிதில் பிடிகொடுக்காத ஒரு விடையைத் தருகிறது.

அட்லின் ஏரிக்கரையில் 1898இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். 1903ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அட்லின் தனித் தொகுதியாக இடம்பெற்றது. அவ்வூர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குள் இருந்தாலும், அதை அடையும் ஒரே சாலை அண்டை நிலப்பகுதியான யூகோன் வழியாகவே செல்கிறது. அந்தச் சாலையும் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே போடப்பட்டது. தொகுதியின் வடக்கில் டாக்கு ஆற்று டிலிங்கிட் மக்களும், நடுவே ஸ்டிகீன் ஆற்றுப் பகுதியில் தால்டன் மக்களும், தெற்கே நாஸ் பள்ளத்தாக்கில் நிஸ்கா மக்களும் தொன்றுதொட்டு வாழ்ந்துவந்தனர். அலாஸ்கா எல்லையிலுள்ள ஸ்டூவர்ட் துறைமுகம், 1950களில் எழுந்த காஸியர் கல்நார்ச் சுரங்கக் குடியிருப்பு போன்ற வந்தேறிய ஊர்கள் இவர்களுக்கிடையே ஆங்காங்கே முளைத்தன. தலைநகரான விக்டோரியா இம்மாகாணத்தின் எதிர்முனையில், தென்கோடித் தீவு ஒன்றில் இருக்கிறது.

சிறிய தொகுதிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் இந்தத் தொலைவுதான். நகர உறுப்பினர் ஒரு மாலைப் பொழுதில் சுற்றிவந்துவிடும் தொலைவைக் கடக்க வடக்கின் உறுப்பினருக்கு விமானமும் படகும் நாள்கணக்கான பொழுதும் தேவைப்படுகின்றன. ஆகவே எண்ணிக்கையில் சமமான தொகுதிகளை வகுத்தால் வடக்கின் குடிமக்கள் தம் உறுப்பினரைக் கண்ணால் காண்பதே அரிதாகிவிடும் என்பது அந்த வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை; 1979 முதல் அட்லினின் உறுப்பினராக இருந்த ஆல் பாசரெல் 1986இல் டீஸ் ஏரியில் நிகழ்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார் என்பது அந்நிலப்பரப்பில் போக்குவரத்தின் இயல்பு எத்தகையது என்பதைக் காட்டும். ஆனால் தொலைவு ஏற்படுத்தும் இடர்கள் பெரும்பாலும் உறுப்பினரின் வசதி பற்றியவை. கூடுதல் பயணப்படி, கூடுதல் அலுவலகங்கள், கூடுதல் உதவியாளர்கள் ஆகியவற்றால் பெருமளவு தணிக்கக்கூடியவை. பணத்தால் ஈடுசெய்யத்தக்க ஒரு குறைக்குப் பிறர் வாக்கின் எடையைக் குறைத்துப் பரிகாரம் தேடுவது முறையான பண்டமாற்று ஆகாது.

தொலைவு வாதத்தின் மேலும் ஆழமான குறை, அது நிலத்தைப் பற்றிப் பேசிவிட்டு அந்நிலத்தில் வாழ்பவர் யார் என்று கேட்காமல் விடுவதில் இருக்கிறது. அட்லின் தொகுதி உருவானபோது டிலிங்கிட், தால்டன், நிஸ்கா மக்கள் எவருக்கும் மாகாணத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. 1871இல் கனடாவுடன் இணைந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே முதற்குடிகளையும் சீனர்களையும் வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கிய மாகாணம், 1907இல் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்தவர்களையும் அவ்வாறே விலக்கியது. ஆக, பரந்த வடநிலத்தின் பெயரால் வழங்கப்பட்ட சட்டமன்ற இடத்தை நிரப்பும் உரிமை, தங்கத்தைத் தேடி வந்து அது தீர்ந்ததும் பெரும்பாலும் கலைந்துபோன ஒரு கூட்டத்திடமே இருந்தது. 1903 முதல் 1915 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்த மருத்துவர் ஹென்றி எஸன் யங், மாகாணக் கல்வி அமைச்சராகி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் உருவாக வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் என்று போற்றப்படுகிறார். அப்பெருமை அவருக்கு உரியதே. எனினும் வடகோடியின் மிகைப்பட்ட வாக்குகளால் அமைச்சரான ஒருவரின் பெரும்பணி தெற்கே வான்கூவரில் எழுந்து நிற்பதும், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையற்றிருந்த நாஸ் பள்ளத்தாக்கு மக்கள் அதே ஆண்டுகளில் தம் நில உரிமையை ஏற்குமாறு லண்டனிலிருந்த பிரிட்டிஷ் அரசுக்கு மனு அனுப்பிக்கொண்டிருந்ததும் ஒரே வரலாற்றின் பகுதிகளாகும். ஏறத்தாழ 46 ஆண்டுகள் அட்லினின் கூடுதல் எடைக்குத் தொலைவு என்ற காரணம் பொருந்தியது, அறம் பொருந்தவில்லை.

1949இல் நிலைமை தலைகீழானது. அவ்வாண்டில்தான் முதற்குடிகளுக்கு மாகாண வாக்குரிமை கிடைத்தது. கூட்டரசுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை நிபந்தனையின்றிக் கிடைக்க அவர்கள் 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1949 ஜூன் தேர்தலிலேயே நிஸ்கா இனத்தவரான பிராங்க் கால்டர் கூட்டுறவுக் காமன்வெல்த் கூட்டமைப்பு என்ற இடதுசாரிக் கட்சியின் வேட்பாளராக அட்லினில் நின்று வென்று, கனடாவின் மாகாணச் சட்டமன்றம் ஒன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பதிவுபெற்ற முதற்குடி உறுப்பினரானார். இடையில் ஒருமுறை தோற்றாலும், 1979 வரையிலான முப்பது ஆண்டுகளில் இருபத்தாறு ஆண்டுகள் அவரே அத்தொகுதியின் உறுப்பினர். தொகுதி சிறியதாக இல்லாதிருந்தால் இது நடந்திருக்குமா என்பதே கேள்வி. அட்லினை அக்கால மாகாணச் சராசரி அளவுக்குப் பெரிதாக்கியிருந்தால், தெற்கிலிருந்த மரத்தொழில், மீன்பிடி நகரங்கள் அதனுள் வந்து, நிஸ்கா, தால்டன் மக்களின் வாக்குகள் அவற்றில் கரைந்துபோயிருக்கும் என்று கருதுவதே பொருத்தம். வந்தேறிகளுக்காக வகுக்கப்பட்ட ஒரு விதிவிலக்கு, வகுத்தவர்கள் எண்ணிப்பார்த்திராத மக்களின் கைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது.

அதன் பயன் சட்டமன்றத்துக்குள் அடங்கிவிடவும் இல்லை. கால்டர் 1955இல் நிஸ்கா பழங்குடி அவையை நிறுவி, தம் மக்களின் நில உரிமை ஒருபோதும் சட்டப்படி முடிவுக்குக் கொண்டுவரப்படவில்லை என்று மாகாண அரசின்மீது வழக்குத் தொடுத்தார். 1973 ஜனவரியில் கனடா உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் வழக்கு முறைப்படி தோற்றது: அவ்வுரிமை நீடிக்கிறதா என்பதில் மூவருக்கு மூவராக நீதிபதிகள் பிரிந்தனர், ஏழாமவர், அரசின்மீது வழக்குத் தொடர முன்அனுமதி பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் வழக்கைத் தள்ளினார். ஆயினும், குடியேற்றத்துக்கு முன்பே அந்நிலத்தின்மீது முதற்குடிகளுக்குச் சட்டம் ஏற்கத்தக்க உரிமை இருந்தது என்பதில் ஆறு நீதிபதிகள் உடன்பட்டதால், கூட்டரசு நில உரிமைப் பேச்சுக்கு இறங்கிவர நேர்ந்தது; அதன் வழிவந்த நிஸ்கா உடன்படிக்கை 2000ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அவ்வழக்கில் எதிர்வாதியாக நின்ற மாகாணத்தின் அமைச்சரவையிலேயே 1972 முதல் கால்டர் துறையில்லா அமைச்சராக அமர்ந்திருந்தார் என்பதும், தீர்ப்பு வந்த ஆண்டிலேயே அப்பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

இங்கே ஒரு மறுப்பைக் கேட்க வேண்டும். தம் இனத்தவர் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுவது வேறு, தம் நலன் பேணப்படுவது வேறு. அட்லினின் பின்வரலாறு முதலாவதை நிறையவும் இரண்டாவதைக் குறைவாகவும் காட்டுகிறது என்று சொல்ல இடமுண்டு. கால்டர் 1975இல் தாம் சார்ந்திருந்த, முந்தைய கூட்டுறவுக் காமன்வெல்த் கூட்டமைப்பின் வழிவந்த புதிய ஜனநாயகக் கட்சியை விட்டு, அதன் எதிரியான சோஷியல் கிரெடிட் கட்சியின் சார்பில் நின்று வென்றார். 1979இல் பாசரெல்லிடம் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் தோற்றார்; அன்று கால்டரும் அவர் மனைவியும் வாக்களிக்கவில்லை என்பது அம்மாகாணத்தில் இன்றும் பேசப்படுவது. புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் வென்ற பாசரெல்லும் 1985இல் ஆளுங்கட்சியான சோஷியல் கிரெடிட்டுக்கே மாறினார். சாலைக்கும் மருத்துவமனைக்கும் விமானத் தளத்துக்கும் அரசின் கருணையை நம்பியிருக்கும் தொகுதியில் உறுப்பினர் ஆளுங்கட்சியை நோக்கிச் சாய்வதில் வியப்பில்லை. அதைக் கண்டிப்பதும் தெற்கிலிருந்து செய்யும்போது எளிது. ஆனால் இக்குறைகள் எல்லாத் தொகுதிக்கும் பொதுவானவை. பெரும்பான்மையோரின் உறுப்பினர் தவறினாலும் அவர்களுடைய வாக்குரிமைக்கு நியாயம் கேட்கப்படுவதில்லை. சிறுபான்மையோரின் உறுப்பினர் மட்டும் குற்றமற்றவராக இருந்தாக வேண்டும் என்று கோருவது இரட்டை அளவுகோலாகும். 1986இல் அட்லின் மீண்டும் லாரி குனோ என்ற நிஸ்கா இனத்தவரையே தேர்ந்தெடுத்தது.

அவரே அத்தொகுதியின் கடைசி உறுப்பினர். 1982இல் கனடா ஏற்ற உரிமைகள், சுதந்திரங்கள் சாசனத்தின் மூன்றாம் பிரிவு குடிமக்களின் வாக்குரிமையை உறுதிசெய்கிறது. தொகுதிகளின் அளவு வேறுபாடு இப்பிரிவை மீறுகிறது என்று கூறித் தொடுக்கப்பட்ட டிக்ஸன் வழக்கில், பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியான பெவர்லி மெக்லாக்லின் 1989இல் தீர்ப்பளித்தார். முழுச் சமத்துவம் கட்டாயமில்லை. நல்லாட்சிக்கு உதவும் புவியியல், வட்டாரக் காரணங்களுக்காக ஓரளவு விலகலாம். ஆனால் இருந்த வேறுபாடுகள் அக்காரணங்களால் விளக்கக்கூடிய அளவைக் கடந்தவை என்பது அதன் சாரம். சராசரியிலிருந்து 25 விழுக்காட்டுக்குமேல் விலகக்கூடாது என்று நீதிபதி தாமஸ் பிஷர் ஆணையம் முன்பே பரிந்துரைத்திருந்தது. அதன்வழி 1991 தேர்தலில் அட்லின் மறைந்தது. அதன் நிலத்தின் பெரும்பகுதி, ஸ்மிதர்ஸ் நகரை மையமாகக் கொண்ட பல்க்லி பள்ளத்தாக்கு-ஸ்டிகீன் தொகுதிக்குள் சென்றது.

இத்தீர்ப்பைப் பழிப்பது எளிது. வாக்குரிமையற்றோர் வாக்குரிமை பெற்று அத்தொகுதியைத் தமதாக்கிக்கொண்ட பிறகே மாகாணத்துக்குச் சமத்துவம் நினைவுக்கு வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் மறுபக்கத்தில் நின்றவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டில் ஒரு பங்கு எடையே கிடைத்த சர்ரே-நியூட்டன், வேலைதேடி வந்தவர்களும் குடியேறியவர்களும் பெருகிக்கொண்டிருந்த புறநகர். அது அமைந்திருந்த சர்ரே நகரம் இன்று கனடாவில் பஞ்சாபியர் மிகுதியாக வாழும் இடங்களுள் ஒன்று. அவர்களுடைய முன்னோரையும் இதே மாகாணம் 1907 முதல் 1947 வரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்தியிருந்தது. விலக்கப்பட்ட ஒரு மக்களுக்குச் செய்யும் ஈட்டின் விலையை, விலக்கியவர்களின் வழித்தோன்றல்கள் மட்டுமன்றி, விலக்கப்பட்ட வேறொரு மக்களும் சேர்ந்தே கொடுக்க நேர்கிறது. ஈடுசெய்யும் நீதி என்று பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்தைத் தொடாமல் கடந்துவிடுகின்றனர். இதற்கு முழுமையான விடை இல்லை. ஈடு தேவை என்று கொண்டால், அது தேவையான அளவுக்குமேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டுமே இதிலிருந்து பிறக்கிறது. பன்னிரண்டு மடங்கு என்பது அக்கட்டுப்பாட்டுக்குள் எந்த வகையிலும் அடங்காது.

அட்லினுக்குப் பின் வந்தவற்றால் தொலைவு வாதத்தின் வெறுமை மேலும் தெளிவாகிறது. 2009இல் ஸ்டிகீன் என்ற பெயரைப் பெற்ற தொகுதி மாகாணத்தின் மிகச் சிறிய மக்கள்தொகை கொண்ட தொகுதிகளுள் ஒன்றாகவே நீடித்தது. 25 விழுக்காட்டு வரம்பையும் தாண்டி விலகச் சட்டம் மிகச் சிறப்பான சூழல்களில் இடமளிப்பதால் இது இயன்றது. அதாவது கூடுதல் எடை தொடர்ந்தது. ஆனால் அதன் ஈர்ப்பு மையம் ஸ்மிதர்ஸுக்கு நகர்ந்துவிட்டது. 2020இல் அங்கே ஓர் இடம் காலியானபோது, விலகும் ஆண் உறுப்பினரின் இடத்துக்குப் பெண்ணையோ உரிமை மறுக்கப்பட்ட பிரிவினரையோ நிறுத்த வேண்டும் என்ற விதி புதிய ஜனநாயகக் கட்சியில் இருந்தும், தால்டன் மக்களின் தலைமைப் பொறுப்பை வகித்திருந்த பெண் ஒருவர் வேட்பாளராக விரும்பியும், முன்னாள் கூட்டரசு நாடாளுமன்ற உறுப்பினரான நேதன் கலன் நிறுத்தப்பட்டு வென்றார். அம்முடிவு அப்போது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. இதற்கு மாறாக, நிஸ்கா, கிட்க்ஸான் மரபினரான மெலனி மார்க் 2016இல் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அங்கே நுழைந்த முதல் முதற்குடிப் பெண்ணானது வான்கூவர் நகரின் நடுவிலுள்ள ஒரு தொகுதியிலிருந்து. தொகுதி சிறிதாக இருப்பது மட்டும் எதையும் உறுதிசெய்வதில்லை.

கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நோவா ஸ்கோஷியா மாகாணம் இதில் நேர்மையான வழி ஒன்றைக் கையாண்டது. 1992இல் அது பிரெஞ்சு பேசும் அகேடியர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் சில சிறு தொகுதிகளை, காரணத்தை மறைக்காமல், அவர்களுக்காகவே வகுத்தது. 2012இல் அப்பாதுகாப்பு நீக்கப்பட்டபோது அகேடியர்கள் நீதிமன்றம் சென்றனர். பின்னர் அத்தொகுதிகள் மீண்டும் அமைக்கப்பட்டன. அங்கே எந்த மக்களுக்கு, எதற்காக, எவ்வளவு என்று வெளிப்படையாக வாதிட முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கிலோ விலகலுக்கான காரணம் புவியியலின் பெயரிலேயே முதன்மையாகப் பேசப்படுவதால், பண்ணையாளர், சுரங்க நிறுவனம், ஸ்மிதர்ஸின் கடைக்காரர், டீஸ் ஏரிக்கரையின் தால்டன் மூதாட்டி ஆகிய எல்லாரும் அதற்குச் சமமான உரிமை கோர இயல்கிறது. யாருக்கு அது கடனாகத் தரப்பட வேண்டியது, யாருக்கு வெறும் சலுகை என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது.

அவ்வாறு பிரித்தறிய முற்பட்டால், பழைய அட்லினுக்குள் அடங்கியிருந்த மக்களிடையேகூட விடை ஒன்றாக இராது. ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் நிலத்தையும் தமக்கெனச் சட்டமியற்றும் அரசையும் உடன்படிக்கையால் பெற்றுள்ள நிஸ்கா மக்களுக்கு, விக்டோரியாவில் மிகைப்பட்ட வாக்கு எடை தேவை என்ற வாதம் 1949இல் இருந்ததைவிட இன்று வலுக்குறைந்தது. தால்டன், டாக்கு ஆற்று டிலிங்கிட் மக்களிடம் அத்தகைய உடன்படிக்கை இல்லை. அவர்களுடைய நிலத்தின் சுரங்கங்களையும் ஆறுகளையும் பற்றிய சட்டங்களை அந்தச் சட்டமன்றமே இயற்றுகிறது. எனவே அடுத்த எல்லை நிர்ணய ஆணையம் வடமேற்கை அளக்கும்போது, எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு முன்னதாக, எந்த மக்களோடு மாகாணம் இன்னும் கணக்கு முடிக்கவில்லை என்று கேட்பதே முறை. அக்கணக்கு முடிந்த இடங்களில் கூடுதல் எடையைத் திரும்பப் பெறவும் அது தயங்கக்கூடாது.