பழைய பெருமாள் என்று கூப்பிடுகிறோமா?

குற்றாலத் தலபுராணத்தில் அகத்தியரைச் சைவர் என்று அங்கிருந்த திருமால் கோயிலுக்குள் விடவில்லை. இலஞ்சி முருகன் சொன்ன யோசனைப்படி நாமம் போட்டு வைணவராக நுழைந்தார். நின்ற கோலத் திருமாலின் தலையில் கைவைத்து அழுத்த, திருமால் குறுகிச் சிவலிங்கமானார்.

இதைச் சைவ வைணவச் சண்டையாகவே வகுப்பில் நடத்தியவன் நான், ஓய்வுபெற்ற தமிழாசிரியன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. கதையில் மாறியவர்கள் இரண்டு பேர். அகத்தியர் போட்டது வேடம். காரியம் முடிந்ததும் கலைத்துவிட்டார். சாமி மாறியது வேடமில்லை. அவர் குற்றாலநாதர்தான், ‘பழைய பெருமாளுக்கு’ என்று சொல்லி யாரும் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதில்லை.

வேடமும் இழிவில்லை. எங்கள் பக்கத்துச் சுடலைமாடன் கொடையில் அண்ணாவி பாட, மகுடம் முழங்க, ஆண்கள் சேலை கட்டிச் சலங்கையோடு ஆடுவதுதான் கணியான் கூத்து. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த வில்லியம் டோர்சி ஸ்வான் 1880களில் வாஷிங்டனில், ஆண்கள் பெண்ணுடையில் ஆடும் விருந்துகளை நடத்தினார். 1888இல் போலீஸ் புகுந்து கைது செய்தது. அங்கே ஆட்டத்துக்குப் போலீஸ் வந்தது. இங்கே சாமி வருகிறது. திரையிலும் வேடம் மாறியதுண்டு: நாடக நடிகர் செங்கோட்டை கிட்டப்பாவின் மனைவி கே.பி. சுந்தராம்பாள், 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் லட்ச ரூபாய்.

வேடத்தை இவ்வளவு மதிக்கிற நாம் திருநங்கையிடம் மட்டும் தடுமாறுகிறோம். கூத்து முடிந்ததும் சேலையைக் கழற்றி வைப்பவர் கலைஞர். திருநங்கை கழற்றி வைத்ததோ, பிறந்தபோது நாம் மாட்டிவிட்ட ஆண் வேடத்தை. தமிழ் சினிமா வெகுகாலம் இந்த வித்தியாசம் பாராமல், கைதட்டலையும் குரலையும் காட்டிச் சிரிக்கவைத்தது. ‘காஞ்சனா’ (2011) திருநங்கைக்கு மரியாதை கொடுத்தது, அதுவும் செத்துப் பேயான பிறகு. ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) ஷில்பா என்ற திருநங்கையைப் பரிவோடு காட்டியது; அவராக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் என் காதில் விழுந்த பாராட்டெல்லாம் “என்னமா வேஷம் கட்டியிருக்காரு!” என்பதுதான்.

நடிப்பே வேடம்தானே, யார் போட்டால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நந்தனாராகச் சுந்தராம்பாளை ஏற்றவன், ஆண் நடிகர் ஷில்பாவாகக் கூடாது என்று சொல்ல முடியாது. ஆனால் அகத்தியரின் வேடத்தைப் பார்த்துவிட்டுக் குற்றாலநாதரின் மாற்றத்தையே கண்டதாக எண்ணிவிடக் கூடாது. ‘நர்த்தகி’யில் கல்கி சுப்ரமணியமும் ‘பேரன்பி’ல் அஞ்சலி அமீரும் நடித்தபோது திரையில் இருந்தவர்கள் திருநங்கையர். அப்படிப்பட்ட வாய்ப்புகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கின்றன.

இயக்குநர்களே, அவர்களுக்கு டீச்சராக, நர்ஸாக, பக்கத்து வீட்டு அக்காவாக வேடம் கொடுங்கள். படம் பார்க்கும் நாம், திருநங்கை ஒருவர் தன் பெயரைச் சொன்னால் பழைய பெயரைக் கேட்காமல் இருப்போம். குற்றாலநாதருக்குக் கொடுக்கிற மரியாதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு.