உறுதியில் பேர் இல்லாதவர்

போன மாரிக்கு எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் ஒரு தரமும் விழவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தந்தது.

எங்கள் ஊர் வீரமுனையில் கார்த்திகையில் தொடங்கும் மழை தைப்பொங்கல் வரைக்கும் சுவரை வியர்க்க வைக்கும். வழக்கமாக மூன்றாம் நாள் மழைக்கே சுவிட்ச் ‘டக்’கென்று விழுந்துவிடும். அப்பா இடுப்பைப் பிடித்தபடி எழும்பிப் போய் அதை ஏற்றிவிடுவார். அது திரும்ப விழும். போன வருஷம் அந்தச் சத்தமே இல்லை. ஒருநாள் குளிக்கப் போன என் மகள், இரும்புப் பைப்பைத் தொட்டால் கை கூசுகிறது என்றாள். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. சம்மாந்துறையில் மின்வேலை செய்கிற ஒரு தம்பிக்குக் கோல் எடுத்தேன். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீட்டு மின்வேலைக்கு வெளியாள் ஒருவர் வந்தது அதுதான் முதல் தரம்.

அவர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார்.

“டீச்சர், இத ஆரு செஞ்ச?”

ட்ரிப் சுவிட்ச் செய்வது ஒரே ஒரு வேலை. வீட்டுக்குள் போகிற மின்னோட்டமும் திரும்பி வருகிற மின்னோட்டமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். முப்பது மில்லி அம்பியர் அளவுக்குக் கணக்குக் குறைந்தால், அது நிலத்துக்கோ யாருடைய உடம்புக்கோ போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் தன்னை அறுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் மின்சாரம் அந்தச் சுவிட்சுக்குள் போகவே இல்லை. இரண்டு துண்டு வயர், அழகாக வளைத்து, நுனி முறுக்கி, பக்கத்தால் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. வேலை சுத்தம் என்று அந்தத் தம்பியே சொன்னார். பழுது கிணற்றடியில் இருந்தது. மோட்டர் வயரின் ஒரு மூட்டு, மூன்று அடுக்கு டேப்புக்குள் ஈரம் குடித்துக் கிடந்தது.

“அது பழுதான சுவிச்சி மனே. சும்மா சும்மா விழுது,” என்றார் அப்பா.

பழுதைச் சொல்ல வந்ததைப் பழுதென்று நினைப்பது அப்பாவுக்கு மட்டும் உள்ள குணமில்லை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். அன்றைக்கு நடந்ததில் எனக்கு உறுத்தியது வேறு. வேலை முடியும் வரை அப்பா கிணற்றுக்கட்டோடு நின்றார். ஒரு சொல் பேசவில்லை. அந்தத் தம்பி போன பிறகு, விறாந்தைத் தட்டிலிருந்த தன் பழைய பால்மா டின்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வளவின் மூலையிலுள்ள சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு டின்கள். ஒன்றில் ஸ்குறூ, ஒன்றில் வாஷர், ஒன்றில் நிமிர்த்தி வைத்த பழைய ஆணிகள். மற்றவற்றில் இருப்பவை எதிலிருந்து கழன்றவை என்று அவருக்குத்தான் தெரியும்.

எல்லா ஊரிலும் இப்படி அப்பாமார் இருக்கிறார்கள். காசு மிச்சம், வீம்பு, மேசனில் நம்பிக்கையில்லை என்று காரணங்களும் சொல்வார்கள். எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எனக்கு இப்போது படுகிறது. இங்கே வீடு ஆணுடையதில்லை.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே அக்கரைப்பற்று தாண்டியும், தமிழரென்றாலும் சோனகரென்றாலும், வீடு போவது மகளுக்கு. குடி என்கிற குலமும் தாய்வழிதான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டி ஒதுங்குவார்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் இதை ஆண்டுக்கணக்காகப் பார்த்து, 2008இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். எங்களுக்கு அது புத்தகமில்லை, முற்றம். என் அப்பா காரைதீவில் பிறந்தவர். 1977இல் என் அம்மாவைக் கட்டிக்கொண்டு, அம்மாவின் தாய் கொடுத்த வீட்டுக்கு ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். அந்த வீடு பிறகு என் பேருக்கு மாறியது. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் அதைக் கட்டி, ஒட்டி, முறுக்கி வைத்திருந்த மனுஷனின் பேர் எந்தக் காணி உறுதியிலும் இல்லை.

அவர் வந்த மறு வருஷம், 1978 நவம்பர் 23, சூறாவளி. இரவில் கூரை போனது. விடிந்தால் தென்னைகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தனவாம். ஊரெல்லாம் கூரை போனால் ஓடாவிக்கு எங்கே போவது? புது மாப்பிள்ளை தானே வளையில் ஏறினார். அம்மம்மா அதுவரை அவரை “காரைதீவுப் பொடியன்” என்றுதான் சொல்வாராம். கூரை ஏறிய பிறகு “மருமகன்” ஆனார். இந்தக் கதையை அப்பா எப்போதாவதுதான் சொல்வார். சொல்லும்போது கட்டுக்கம்பியை எப்படி முறுக்கினார் என்பது மட்டும் விபரமாக வரும்.

அவருடைய வயதுக்காரருக்குக் கைப்பழக்கம் அதற்கும் முன்னே வந்தது. 1970 முதல் 77 வரை, சிறிமாவோ அரசாங்கக் காலத்தில், இறக்குமதிக் கட்டுப்பாடு. சைக்கிள் டயர் வேண்டுமென்றாலும் ஆளைப் பிடிக்க வேண்டும். இருபது வயதில் அப்படி ஏழு வருஷம் வாழ்ந்தவன் எதையும் எறிவானா? 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஊர்க்காரர் கூடிப் பழுது பார்க்கும் ‘ரிப்பேர் கஃபே’ தொடங்கியதையும், அது உலகமெங்கும் பரவியதையும் எங்கோ வாசித்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். “தேத்தண்ணி குடுப்பானுகளா?” என்று கேட்டார்.

பிறகு 1990. ஆகஸ்ட் 12ஆம் திகதி எங்கள் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற சோனகரும், ஏறாவூரில் உறங்கிக் கிடந்த சோனகரும் கொல்லப்பட்டார்கள். ஒரு ட்ரிப் சுவிட்சைப் பற்றி எழுத வந்த கட்டுரையால் அதைச் சுமக்க முடியாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. காரைதீவுக்கு ஓடினோம். சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது உறுதி அம்மாவின் கைப்பையில் பத்திரமாக இருந்தது. வீட்டில் உறுதியாக எதுவும் இல்லை. கதவு, யன்னல், ஓடு, சுவருக்குள் ஓடிய வயர் வரைக்கும் போயிருந்தது.

முந்தி எங்கள் கதவுகளைச் செய்தவர் சம்மாந்துறைச் சோனக ஓடாவியார். கூப்பிடு தூரம். ஆனால் அந்த வருஷங்களில் கூப்பிட அப்பாவுக்கும் வாய் வரவில்லை, வர அவருக்கும் கால் வந்திருக்காது. அப்பா தானே வாளும் சீவுளியும் தேடி எடுத்தார். அவர் செய்த முதல் கதவு, குசினிக் கதவு. அடியில் அரை அங்குலம் குறைந்துவிட்டது. இன்றைக்கும் மாரி பிறந்தால் அந்த இடைவெளியால் தவளை வரும். அம்மா தும்புத்தடியால் அதை வெளியே தள்ளிக்கொண்டே, “வந்தாச்சா உங்கட ஆள்” என்பார்.

அந்த வருஷங்களில் டோச் பிடிப்பது என் வேலை. “எங்க மனே பாக்காய்? இங்கால காட்டு.” நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், வெளிச்சம் சுவரில் எங்கோ கிடக்கும். எத்தனை நூறு இரவு பிடித்தேன் என்று கணக்கில்லை. ஆனால் ஒரு வாஷர் மாற்ற எனக்குத் தெரியாது. குறட்டை அவர் ஒருநாளும் என் கையில் தரவில்லை. அது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. வீடு எனக்கு வரும் என்பது நான் பிறந்த அன்றே தெரிந்த சங்கதி. குறட்டையும் தந்துவிட்டால் அவருக்கு அந்த வீட்டில் என்ன மிஞ்சும்?

இதையெல்லாம் புனிதமாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. இந்தக் கைவேலையின் செலவை அம்மாதான் கட்டினார். குசினிப் பைப் சைக்கிள் டியூப் கட்டோடு பதினொரு மாதம் சொட்டியது. மேசனைக் கூப்பிடவும் விடமாட்டார், தானும் ‘நாளைக்கு’ என்பார். “வீடு என்ட பேரில, பைப் உங்கட கையில” என்று அம்மா ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிரவே பைப் திருந்தியது. எங்கள் ஊர்ப் பெண்கள் உறுதியைக் காட்டிச் சண்டை பிடிப்பதில்லை. அது இருக்கிறது என்பதை வருஷத்தில் ஒரு தரம் ஞாபகப்படுத்துவார்கள்.

என் வீட்டுக்காரர் 2010இல் இந்த வீட்டுக்கு வந்தார். பேரில்லாத இரண்டாவது ஆள். வந்த புதிதில் கல்முனையிலிருந்து ஒரு ட்ரில் மெசின் வாங்கி வந்தார். படம் மாட்ட ஒரே ஒரு துளைதான் போட்டார். அப்பா வந்து துளையைப் பார்த்தார், விரலை விட்டுப் பார்த்தார், “பெருத்துப் போச்சு மருமகன்” என்றார். ட்ரில் இன்னும் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கிறது. 2022இல் நாள்தோறும் மணிக்கணக்கில் மின்வெட்டும், டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியதும், கடைகளில் உதிரிப்பாகம் இல்லாமல் போனதும் சேர்ந்து அப்பாவின் டின்களுக்குத் திரும்பவும் ஒரு காலம் வந்தது. பக்கத்து வீடுகளிலிருந்தும் வாஷர் கேட்டு வந்தார்கள். வீட்டுக்காரர் அந்தக் காலமெல்லாம் வாய் திறக்கவில்லை. எழுபது தொட இருந்த மனுஷன் அந்த வருஷம் ஒரு சாண் உயர்ந்து நடந்தார் என்பது எனக்கும் தெரிந்தது.

ஆகவே நான் செய்தது சரியா? மகளின் கை கூசிய பைப்புக்கு முன்னால் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான். இன்னொரு தரமென்றாலும் அதே தம்பியைத்தான் கூப்பிடுவேன். ஆனால் அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். என் பேர் உறுதியில் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் சொல்லாமல் விட்டேன். அதை எனக்கு நானே ஒத்துக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது.

நாலாம் நாள் குளியலறைக் கதவின் கொண்டி கழன்று விழுந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகள் ஓடிப்போய்ச் சின்ன வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா ஒரு டின்னோடும் திருப்புளியோடும் வந்தார், என்னைப் பார்க்காமல். அவள் வழக்கம்போல் டோச்சைத் தூக்கினாள்.

“இது ஆர்ர வீடு?” என்று அவளிடம் கேட்டார். ஊரில் பெண்பிள்ளைகளை எல்லாரும் கேலியாகக் கேட்கிற கேள்விதான்.

“என்ட வீடு.”

“அப்ப நீயே பூட்டு.”

திருப்புளியை அவள் கையில் கொடுத்துவிட்டு டோச்சை வாங்கிக்கொண்டார். அவள் நாக்கைக் கடித்தபடி நாலு ஸ்குறூவும் முறுக்கினாள். ஒன்று சாய்ந்தே இறங்கியது. கொண்டி கோணல். அப்பா “ம்” என்றார்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு திருப்புளியோடு திரும்ப வந்து அதை நேராக்கினார். நான் குசினியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரியும்.