தாள் செய்த புண்ணியம்

சப்பாத்தி சுற்றித் தருகிறார்களே, அலுமினியத் தாள்... கிட்டத்தட்ட அப்படியொரு தாள் உலகச் சரித்திரத்தின் குறுக்கே நின்றிருக்கிறது. கேளுங்கள்.

1935, ரோம் நகரம். என்ரிகோ ஃபெர்மியின் குழு யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஆல்ஃபா துகள் ஏதாவது கிளம்புகிறதா என்று எண்ணிப் பார்க்க, பக்கத்தில் அயனியாக்க அறை என்றொரு கருவி. உள்ளே துகள் நுழைந்தால் ஒரு மின்துடிப்பு, அவ்வளவுதான் வேலை. ஆனால், யுரேனியம் சும்மா இருந்தாலே ஆல்ஃபாவைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொந்தரவு வேண்டாமே என்று, குழுவிலிருந்த அமால்டி யுரேனியத்தை அலுமினியத் தாளால் மூடினார். நியாயமான காரியம்தான்.

அந்தத் தாளுக்கு அடியில் அணு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்தது! தெறித்த துண்டுகளுக்கு ஆல்ஃபாவைவிடப் பல மடங்கு சக்தி. ஆனால் கனத்த துண்டுகள், சீக்கிரம் நின்றுவிடும். தாளைத் தாண்டவில்லை. 'அணு பெரிய துண்டுகளாக உடைந்திருக்கலாமே' என்று ஜெர்மனியில் இடா நோடாக் என்ற பெண்மணி 1934-லேயே எழுதியிருந்தார். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

1938 டிசம்பரில் பெர்லினில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்துக்குள் பேரியத்தைக் கண்டு திகைத்தார்கள். 1939 ஜனவரி 13 அன்று, கோபன்ஹேகனில் ஓட்டோ ஃப்ரிஷ் அதே மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள் கிடையாது. எல்லாத் துகளையும் உள்ளே விட்டார். துடிப்பாக மாறிய பிறகு சின்னதைத் தள்ளி, பெரியதை மட்டும் எண்ணினார். பிளந்த துண்டுகள் வரிசையாகப் பதிவாயின.

கவனித்தீர்களா? வேண்டாததைத் தள்ளியது இருவரும்தான். ஒருவர் பார்ப்பதற்கு முன்னால், இன்னொருவர் பார்த்த பின்னால். நான் காமர்ஸ் படித்தவன். கணக்கில் ஒட்டாத தொகையை 'சஸ்பென்ஸ்' கணக்கிலாவது எழுதி வை, எழுதாமல் மட்டும் விடாதே என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. 1935-ல் அந்தத் தாளை எடுத்திருந்தால்? ஹிட்லர் ஆட்சிக்கு வந்து அப்போது இரண்டு வருடம். நான்கு வருடம் முன்னதாகவே ரகசியம் தெரிந்து, அணுகுண்டு முதலில் பெர்லினில் தயாராகியிருந்தால்? 'நல்லவேளை, கண்ணில் படவில்லை' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொஞ்ச நேரம்.

அந்த 'நல்லவேளை'யை, 1945 ஆகஸ்ட்டில் ஹிரோஷிமாவில் பிள்ளையைத் தேடி அலைந்த ஒரு தாயிடம் போய், நீங்களோ நானோ சொல்ல முடியுமா?